திரையில் தெரிந்த எண்ணும் பேராசிரியர் நரசிம்மனும்



நம்ம பேரவை மலருக்கு வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னால், தேனி, கம்பம் பக்கத்துப் பசங்க பேனா மூடியைக் கழற்றும்போதே கர்னல் பென்னிகுயிக் வந்து நின்றுவிடுவார். அதில் தப்பேதும் இல்லை. 1895-ல் திறந்த அந்த அணைதானே கம்பம் பள்ளத்தாக்கையே வாழ வைக்குது! ஆனால் நான் கெங்குவார்பட்டிக்காரன். எங்க ஊருக்குப் பெரியாற்றுத் தண்ணி வராது. கொடைக்கானல் மலையிலிருந்து இறங்குற மஞ்சளாறுதான் எங்களுக்கு எல்லாம். அதனால் ஒரு மாறுதலுக்கு, கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் சார்பாக வேறொருத்தரைப் பற்றி எழுதுறேன்னு மலர்க் குழுவிடம் கேட்டு வாங்கினேன். அவர் பெயர் ரங்கசாமி நரசிம்மன். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் எலக்ட்ரானிக் டிஜிட்டல் கம்ப்யூட்டருக்குத் தலைமை தாங்கியவர். சென்னையில் பிறந்த தமிழர். நம்ம டிபார்ட்மென்ட் பசங்களில் பத்துப் பேரைக் கேட்டால் பில் கேட்ஸைத் தெரியும், ஸ்டீவ் ஜாப்ஸைத் தெரியும். இவரைத் தெரியாது. போன வருஷம் வரைக்கும் எனக்கும் தெரியாது.

அவரை நானாகத் தேடிப் போகவில்லை. ஒரு மாங்காய்த் தகராறுதான் என்னை அவரிடம் கொண்டு போய் விட்டது. முதலில் அதைச் சொல்லிடறேன்.

போன மாங்காய் சீசனில், எங்க ஊர்ப் பக்கம் ஒரு கமிஷன் கடைக்கு நான் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். சி ஷார்ப்பில், விண்டோஸ் ஃபார்ம்ஸ் வைத்து. ரொம்பப் பெரிசா ஒண்ணும் இல்லை. விவசாயி பெயர், மாங்காய் ரகம், எடை, கிலோ விலை, கமிஷன். மேலே ஒரு டூல்பார், அதில் சேவ் படம், பிரிண்ட் படம். பாடத்தில் படித்த டேட்டா பைண்டிங்கை முதல் தடவையாக நிஜ வேலைக்குப் பயன்படுத்தினேன் என்று எனக்கு ஒரே பெருமை. பைண்டிங் தெரியாத மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. திரையில் நாம் டைப் அடிக்கிற கட்டம் ஒன்று, அதற்குப் பின்னால் கம்ப்யூட்டரின் நினைவில் இருக்கிற கணக்கு ஒன்று, ஆக இரண்டு இருக்கு. முன்னதைக் கன்ட்ரோல் என்பார்கள், பின்னதை மாடல் என்பார்கள். இரண்டையும் ஒரு கயிற்றால் கட்டி, ஒன்று மாறினால் மற்றதும் தானாக மாறும்படி செய்வதுதான் பைண்டிங். கட்டாவிட்டால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நாமே எடுத்து வை, திருப்பி வை என்று பக்கம் பக்கமாக எழுதணும்.

என் சித்தப்பா அந்தக் கடைக்கு ஒரு லோடு கல்லாமை கொண்டு போனார். எடைச் சீட்டில் 1,640 கிலோ. கணக்கப்பிள்ளை எண்ணை அடித்ததை சித்தப்பா பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தார். திரையில் 1640. பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ராத்திரி பிரித்துப் பார்த்தால் பில்லில் 1,460! கிலோ 18 ரூபாய் வீதம் 180 கிலோவுக்கு 3,240 ரூபாய் குறைவு. மறுநாள் காலையில் கடை வாசலில் ஒரே சத்தம். திரையில் ஒன்று காட்டி பில்லில் ஒன்று அடிக்கிறார்கள், எத்தனை பேருக்கு இப்படிச் செய்தார்களோ என்று சித்தப்பா கேட்க, கூட்டம் கூடிவிட்டது. முதலாளி 3,240 ரூபாயை அந்த இடத்திலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, ஆள்தான் சொல்லணும் என்று அவர் மனசில் விழுந்துவிட்டது. முப்பது வருஷமாக அதே கடையில் கணக்கு எழுதின பெரியவர், மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. வரச் சொல்லவில்லை என்பதுதான் சரி.

நான் போய்ப் பார்த்தேன். இருபது தடவை அடித்துப் பார்த்தேன். தப்பாக ஒரு எண்ணை அடிப்பேன், திருத்துவேன், சேவ் பண்ணுவேன், பிரிண்ட் எடுப்பேன். இருபது தடவையும் சரியாகவே வந்தது. அதனால் பழி இன்னும் பலமாகக் கணக்கப்பிள்ளை மேலேயே போய் உட்கார்ந்தது. புரோகிராம் சரி என்று நிரூபித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், சோறு இறங்கவில்லை.

எங்க லேப் சாரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, ஒரு கேள்வி கேட்டார். மஞ்சளாறு அணையில் தண்ணீர் எத்தனை அடி என்று இரண்டு இடத்தில் பார்க்கலாம், எது எது என்று. யோசித்தேன். ஒன்று அணைச் சுவரில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் அளவுகோல். இன்னொன்று காலையில் ஆள் பார்த்துக் கரும்பலகையில் எழுதி வைக்கிற எண். மறுநாள் பேப்பரில் பெரியாறு, வைகை, சோத்துப்பாறை வரிசையில் வருவதும் இந்த இரண்டாவதுதான். அணையின் மொத்த உயரம் 57 அடி. மலையில் மழை கொட்டினால் அளவுகோலில் தண்ணீர் தானாக ஏறும், யாரும் எழுத வேண்டியதில்லை. கரும்பலகையில் மட்டும் காலையில் எழுதினது அப்படியே இருக்கும். உன் திரை அளவுகோலா, கரும்பலகையா என்று போய்ப் பார் என்றார் சார். அதோடு, அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே திரைக்கும் அதன் பின்னால் இருப்பதற்கும் உள்ள உறவை யோசித்த ஒரு தமிழர் இருந்தார், அவரைப் பற்றியும் படி என்று நரசிம்மன் பெயரைச் சொன்னார். படிக்க ஆரம்பித்தேன்.

நரசிம்மன் 1926 ஏப்ரல் 17-ல் சென்னையில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு படித்தார். பிறகு அமெரிக்காவில் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங்கில் முதுகலை, இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம். பாருங்கள், ரேடியோவும் கம்பியும் படித்தவர் கணிதத்துக்குப் போனார். வயரும் தெரியும், தேற்றமும் தெரியும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம் என்று எனக்குத் தோணுது.

அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். தங்கவில்லை. 1954-ல் பம்பாய்க்கு வந்து டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். ஹோமி பாபா 1945-ல் தொடங்கின நிலையம் அது. அணு ஆராய்ச்சிக்குக் கணக்குப் போட கம்ப்யூட்டர் வேண்டும். விலைக்கு வாங்குவது ஒரு வழி. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிலையம் 1955-ல் இங்கிலாந்திலிருந்து ஹெக் 2எம் என்ற இயந்திரத்தை அப்படித்தான் தருவித்தது. பம்பாயில் வேறு வழியை எடுத்தார்கள். நாமே கட்டுவோம் என்றார்கள்.

யாரை வைத்துக் கட்டினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். எலக்ட்ரானிக்ஸ் படித்த இளம் இயற்பியல் பட்டதாரிகள், ஒரு சின்னக் குழு. கம்ப்யூட்டர் கட்டின அனுபவம் யாருக்கும் கிடையாது. கையில் இருந்தது பிரின்ஸ்டனில் வான் நியூமன் குழு எழுதி வெளியிட்ட வடிவமைப்புக் குறிப்புகளும் சாலிடரிங் கம்பியும்தான். முதலில் எடுத்த எடுப்பில் பெரிய இயந்திரத்தைத் தொடவில்லை. ஒரு சோதனை இயந்திரம் கட்டினார்கள். 1956-ல் அது ஓடியது. அதில் கற்ற தப்புகளையெல்லாம் திருத்திக்கொண்டு பெரிய இயந்திரத்துக்குப் போனார்கள். நாம் மைனர் புராஜெக்ட் முடிக்காமல் மேஜர் புராஜெக்ட்டுக்குத் தாவுகிறோமே, அந்தப் பழக்கம் அவர்களிடம் இல்லை!

பெரிய இயந்திரம் 1960 பிப்ரவரியில் முறையாக வேலைக்கு வந்தது. சுமார் 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள். நம்ம எலக்ட்ரானிக்ஸ் லேபில் ஒரு பிரெட்போர்டில் பத்து ரெசிஸ்டர் குத்தி எல்ஈடி எரியாமல் எத்தனை மணி நேரம் போயிருக்கு என்று நினைத்துப் பாருங்கள். நினைவகம், அப்போது புதிதாக வந்திருந்த ஃபெரைட் கோர். மிளகு போன்ற சின்னச் சின்னக் காந்த வளையங்களைக் கம்பியில் கோத்துச் செய்வது. ஒரு வார்த்தைக்கு 40 பிட், மொத்தம் 2,048 வார்த்தை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 10 கிலோபைட். நம்ம செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோவுக்குக் காணாது.

1962-ல் நிலையத்தின் புதுக் கட்டடத் திறப்பு விழாவின்போது பிரதமர் நேரு அந்த இயந்திரத்துக்கு டிஃப்ராக் என்று பெயர் வைத்தார். நிலையத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளோடு ஆட்டோமேட்டிக் கால்குலேட்டர் என்பதைச் சேர்த்தால் வருகிற பெயர்.

இந்த டிஃப்ராக்கில் ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் என்றால் காகித நாடாவில் ஓட்டை போட்டு உள்ளே கொடுப்பார்கள், பதில் டெலிபிரின்டரில் அடித்து வரும். டிஃப்ராக்கில் அதோடு கூட ஒரு கேதோடு கதிர்த் திரையும் வைத்திருந்தார்கள். கணக்கின் விடையைப் படமாகவும், கோட்டு வரைபடமாகவும், எண்ணாகவும் எழுத்தாகவும் திரையிலேயே காட்டலாம். 1960-ல்! நினைவகத்தில் ஒரு கோர் வளையம் இப்படிக் காந்தமாகி இருப்பதும், திரையில் ஒரு புள்ளி ஒளிர்வதும் வேறு வேறு பொருள். நடுவில் ஒரு புரோகிராம் உட்கார்ந்து, இந்த எண்ணுக்கு இந்த இடத்தில் புள்ளி என்று அனுப்பினால்தான் படம் வரும். கேதோடு கதிர்த் திரையில் புள்ளி தானாக நிற்காது, மங்கிவிடும். நிற்கணும் என்றால் திரும்பத் திரும்ப அனுப்பணும். அதாவது திரை தன்னளவில் ஒன்றையும் தெரிந்து வைத்திருப்பதில்லை. லேப் சார் சொன்ன கரும்பலகைகூட எழுதினதை வைத்திருக்கும், அந்தத் திரைக்கு அதுவும் கிடையாது.

1961-ல் நரசிம்மன் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். 1964 வரை அங்கே. இல்லியாக் 3 என்ற இயந்திரத்துக்கான வேலை அது. சாதாரணக் கணக்குப் போடுவதற்கல்ல, படங்களைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்கான இயந்திரம். என்ன படம்? குமிழிக் கலம் என்ற கருவிக்குள் அணுத் துகள்கள் பாயும்போது விடும் தடங்களின் போட்டோக்கள். அவை ஆயிரக்கணக்கில் குவியும். மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இங்கே ஒரு தடம் இரண்டாகப் பிரிகிறது, அங்கே ஒன்று வளைகிறது என்று குறிக்க வேண்டும். கண் போய்விடும். அதை இயந்திரத்திடம் கொடுக்கலாமா என்பது கேள்வி.

அப்போது பெரும்பாலோர் நினைத்த வழி, புதுப் படத்தைக் கைவசம் இருக்கிற மாதிரிப் படத்தோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகுதா இல்லையா என்று சொல்வது. நரசிம்மன் அது போதாது என்றார். ஒரு படத்தைப் புரிந்துகொள்வது என்றால் அதில் என்னென்ன உறுப்புகள் இருக்கு, அவை எங்கே எப்படிச் சேர்கின்றன என்று விவரித்துச் சொல்லத் தெரியணும் என்பது அவர் வாதம். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போலப் படத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்று காட்டினார். 1962-லிருந்து அடுத்தடுத்து வந்த அவருடைய கட்டுரைகள், உலகத்தில் இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவற்றில் சேர்ந்தவை. கையால் எழுதிய ஆங்கில எழுத்துகளை, கோடுகளும் அவை சேரும் இடங்களுமாக விவரித்து, அந்த விவரிப்பிலிருந்தே எழுத்தை வரையவும் அடையாளம் காணவும் அவர் வழி செய்தார்.

இதை எனக்கு நானே புரிய வைத்துக்கொண்டது நம்ம ட எழுத்தை வைத்து. மேலிருந்து கீழே ஒரு கோடு. அது முடியும் இடத்தில் தொடங்கி வலப்பக்கம் ஒரு கோடு. இதுதான் ட-வின் விவரிப்பு. இதை வைத்துக்கொண்டு பஸ் போர்டில் பெரிசா எழுதலாம், நோட்டில் சின்னதா எழுதலாம், கை நடுங்கினவர் கோணலா எழுதலாம். வரைந்தது நூறு வகை, விவரிப்பு ஒன்று. விவரிப்பில் கீழ்க்கோட்டை எடுத்துவிட்டால் நூறிலும் அது போகணும். போகாமல் ஒரு இடத்தில் மட்டும் நின்றால் அந்தப் படம் பொய்.

நரசிம்மன் டேட்டா பைண்டிங்கைக் கண்டுபிடித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. நம்ம ஆள் என்பதற்காக இல்லாததை ஏற்றிச் சொல்வது எனக்குப் பிடிக்காது. அந்தக் கயிறு வேறு கைகளில் முறுக்கப்பட்டது. அவர் இல்லினாயில் இருந்த அதே காலத்தில், 1963-ல், எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற புரோகிராமை எழுதினார். திரையில் ஒளிப் பேனாவால் ஒரு மூல வடிவத்தைத் திருத்தினால் அதன் நகல்கள் அத்தனையும் தாமாகத் திருந்தின. 1979-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நார்வேக்காரர் ட்ரிக்வே ரீன்ஸ்காக், நினைவில் இருக்கும் பொருளை மாடல் என்றும், அது கண்ணுக்குத் தெரியும் விதத்தை வியூ என்றும், பயனாளியின் கையை ஏற்பதைக் கன்ட்ரோலர் என்றும் பிரித்தார். நம்ம செமஸ்டர் கேள்வித்தாளில் பத்து மார்க்குக்கு வருகிற எம்விசி அதுதான். 1993-ல் விஷுவல் பேசிக் 3 வந்தபோது, ஒரு வரி கோட் எழுதாமல் டெக்ஸ்ட் பாக்ஸை டேட்டாபேஸ் கட்டத்தோடு கட்டிவிடலாம் என்று ஆனது. அதன் பேரன் பேத்திகளைத்தான் நாம் லேபில் இழுத்து வைக்கிறோம். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே எண்ணம்: கண்ணுக்குத் தெரிவது வேறு, அது எதைக் குறிக்கிறதோ அது வேறு. படத்தையும் அதன் விவரிப்பையும் பிரித்துப் பார்த்த நரசிம்மனும் அதே எண்ணத்தை வேறொரு பக்கமிருந்து பிடித்திருக்கிறார்.

இல்லியாக் 3 கடைசியில் 1968-ல் தீ விபத்தில் அழிந்தது. நரசிம்மன் அதற்கு நான்கு வருஷம் முன்பே இந்தியா திரும்பிவிட்டார். 1964-ல் பம்பாய் நிலையத்துக்கு சிடிசி 3600 என்ற பெரிய அமெரிக்க இயந்திரம் வந்தது. டிஃப்ராக்குக்கு மெல்ல ஓய்வு கொடுத்தார்கள். தன் கையால் கட்டினது ஒதுங்குவதைப் பார்த்தவர் அதோடு ஒதுங்கிவிடவில்லை. 1965-ல் கம்ப்யூட்டர் சொசைட்டி ஆஃப் இந்தியா தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான், 1969 வரை. நம்ம காலேஜில் பல இடங்களில் மாணவர் கிளை இருக்கிறதே, அதே சங்கம்.

எழுபதுகளில் ஐ.நா. உதவியோடு அதே ஆராய்ச்சி நிலையத்தில் மென்பொருளுக்கென்று ஒரு தேசிய மையம் உருவானது. அதற்கும் அவர்தான் முதல் இயக்குநர். அது பிறகு என்.சி.எஸ்.டி. என்று தனி நிறுவனமாகி, இன்று சி-டாக்கோடு சேர்ந்துவிட்டது. அரசு தொடங்கிய சி.எம்.சி. நிறுவனத்தின் முதல் சேர்மனும் அவரே. 1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனபோது, அது விட்டுச் சென்ற இயந்திரங்களைப் பராமரித்துக் காப்பாற்றியது சி.எம்.சி. எண்பதுகளில் டெல்லியில் ரயில்வே முன்பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அதே சி.எம்.சி.தான். அந்த வேலையை எண்ணிப் பாருங்கள். ஒரே பெர்த். பத்துக் கவுன்டர்களில் பத்துத் திரைகள். ஒரு கவுன்டரில் டிக்கெட் அடித்த நொடியில் மற்ற ஒன்பதுக்கும் அந்த பெர்த் போய்விட்டதென்று தெரியணும். தெரியாவிட்டால் ராத்திரி ஓடுகிற வண்டியில் இரண்டு குடும்பம் ஒரு பெர்த்துக்காகச் சண்டை போடும். நாங்கள் ரயிலுக்குப் போவது கொடை ரோடு. அந்தக் கவுன்டரில் இப்போது நிற்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருது. சி.எம்.சி. 2001-ல் டாடா குழுமத்துக்குப் போய், 2015-ல் டிசிஎஸ்ஸோடு இணைந்தது.

1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பதவிகளை நான் வேகமாகச் சொல்லிக்கொண்டு போகிறேன், ஏனென்றால் அவர் மனசு அங்கே இல்லை என்று நினைக்கிறேன். படத்துக்கு இலக்கணம் தேடினவர், பிற்காலத்தில் பேச்சுக்குப் போனார். மொழியை ஒரு நடத்தையாகப் பார்க்கணும் என்று 1981-லும் 1998-லும் புத்தகங்கள் எழுதினார். தமிழ் பேசும் குழந்தைகள் வீட்டில் எப்படிப் பேசக் கற்றுக்கொள்கின்றன என்பதையும் அவருடைய ஆராய்ச்சி தொட்டது. குழந்தை ஒரு சொல்லைச் சொல்வது மட்டும் போதாது. எந்தச் சூழ்நிலையில், யாரிடம், எதற்காகச் சொல்லுது என்று பார்க்கணும் என்பது அவர் போக்கு. கடைசிக் காலத்தில் பெங்களூரில் இருந்தார். 2004-லும் புத்தகம் வெளியானது, அப்போது வயது 78. 2007 செப்டம்பர் 3-ல் அங்கேயே காலமானார்.

எதற்காக, எந்தச் சூழ்நிலையில், யார் செய்கிறார்கள் என்று பார்க்கணும்... இந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. இருபது தடவை நான் சோதித்தேன். நான்! கணக்கப்பிள்ளை எப்படி அடிக்கிறார் என்று ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லையே!

அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் பேசவில்லை. அவர் மனைவி மோர் கொடுத்தார்கள். லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து, ஐயா, அன்னைக்கு அடிச்ச மாதிரியே அடிங்க என்று கெஞ்சினேன். நிதானமாக அடித்தார். பெயர், ரகம், எடை 1460, விலை 18. பிறகு எடைச் சீட்டைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, மவுஸால் எடைக் கட்டத்துக்குத் திரும்பி வந்து, 1640 என்று திருத்தினார். அங்கிருந்து கை நேராக மேலே போய் சேவ் படத்தைத் தட்டியது. அவ்வளவுதான். பிரிண்டில் 1460.

நான் எப்போதும் எண்ணை அடித்ததும் டேப் தட்டி அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன், பழக்கம். விண்டோஸ் ஃபார்ம்ஸில் பைண்டிங் செய்த டெக்ஸ்ட் பாக்ஸ், வேறு ஏதும் சொல்லாவிட்டால், அதை விட்டு ஃபோகஸ் நகர்ந்து மதிப்பு சரிபார்க்கப்படும்போதுதான் தன் எண்ணை மாடலுக்கு அனுப்பும். சாதாரண பட்டனைத் தட்டினால் ஃபோகஸ் நகரும். டூல்பாரில் இருக்கும் படத்தைத் தட்டினால் நகராது! கட்டத்தில் 1640 என்று தெரிந்துகொண்டே இருக்கும், மாடலில் முதலில் போன 1460 அப்படியே உட்கார்ந்திருக்கும். சேவ் ஆவதும் பிரிண்ட் ஆவதும் மாடல். சித்தப்பா பார்த்ததும் நிஜம், பில்லில் வந்ததும் நிஜம், கணக்கப்பிள்ளை அடித்ததும் சரி. கயிறு கட்டினவன் நான். எப்போது இழுக்கும், எப்போது இழுக்காது என்று பார்க்காமல் கட்டிவிட்டேன்.

திருத்தம் என்று பார்த்தால் ஒரே வரி. சேவ் வேலை தொடங்கும் முன் ஃபார்மின் வேலிடேட்டைக் கூப்பிட வேண்டும். விஷுவல் ஸ்டுடியோவில் டேபிளை ஃபார்மில் இழுத்துப் போட்டால் அதுவே எழுதித் தரும் சேவ் கோட்டில் அந்த வரிதான் முதல் வரி. நான் டூல்பாரை என் இஷ்டத்துக்குச் செய்தேன், அது எதற்கு என்று தெரியாமல் விட்டுவிட்டேன். இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் மாடலுக்குப் போகும்படி பைண்டிங்கின் அப்டேட் மோடை மாற்றலாம். அதில் சிக்கல், 1640 அடிக்கும்போது நடுவில் 1, 16, 164 எல்லாம் மாடலுக்குப் போய் வரும், கமிஷன் கணக்கும் கூடவே குதிக்கும். எடைக்கு நான் முதல் வழியை எடுத்தேன். இன்னொன்றும் செய்தேன். பில் அடிக்கும் முன் மாடலில் இருக்கும் எண்ணையே எடுத்துத் தனியாகப் பெரிய எழுத்தில் காட்டச் செய்தேன், விவசாயி அதைப் பார்த்துச் சரி என்றால்தான் பிரிண்ட். உங்களில் யாராவது டூல்பார் வைத்து மேஜர் புராஜெக்ட் செய்கிறீர்கள் என்றால் இன்றைக்கே ஒரு தடவை இப்படி அடித்துப் பாருங்கள். டேப் தட்டாமல், நேரா சேவ்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன், சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு. புரோகிராம் தப்பு, என் தப்பு, கணக்கப்பிள்ளை ஐயா மேல் ஒன்றும் இல்லை என்று அங்கே நின்ற எல்லார் முன்னாலும் சொன்னேன். முதலாளி ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு அவரே கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போனார். சீசன் முழுக்கப் பழைய பில்களை எல்லாம் எடைச் சீட்டோடு ஒத்துப் பார்த்தோம், நானும் கணக்கப்பிள்ளையும், இரண்டு ராத்திரி. இன்னும் நான்கு பில்களில் வித்தியாசம் இருந்தது. ஒன்றில் விவசாயிக்கு அதிகமாகவே போயிருந்தது. அவர் தெரிந்தும் சொல்லவில்லை போலிருக்கு!

இப்போது அவர் வேலைக்கு வருகிறார். திரையில் எண்ணை அடிக்கிறார், பெரிய எழுத்தில் வருவதைப் பார்க்கிறார். பிறகு டிராயரைத் திறந்து நீள நோட்டை எடுத்து, பேனாவால் 1,640 மாதிரி ஒரு எண்ணை அதிலும் எழுதுகிறார். நான் கடைக்குள் நுழைந்தால் நோட்டை மூடுவதில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறார்.